தண்ணீர்க் குழாய் போட அரசியலமைப்பையே திருத்தணுமா? டெக்சாஸ் ஓட்டுச்சீட்டு பற்றி ஒரு சந்தேகம்

கூவம்கரை

ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு புறநகர்ல இருக்கேன். குடியுரிமை வாங்கி முதல் ஓட்டு 2023 நவம்பர்ல போட்டேன். கோட் எல்லாம் மாட்டிக்கிட்டு போனா, கவர்னரும் இல்லை, அதிபரும் இல்லை. 14 அரசியலமைப்புத் திருத்தம், ஒவ்வொண்ணுக்கும் சரி அல்லது வேண்டாம். ஒண்ணு நீர்த் திட்டங்களுக்கு ஒரு நிதி தொடங்கலாமான்னு கேட்குது. இன்னொண்ணு இணைய இணைப்புக்கு நிதி. கால்வெஸ்டன் கவுண்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பொருளாளர் பதவியை ஒழிக்கலாமான்னு ஒரு கேள்வி. நான் கால்வெஸ்டனுக்கு ஒரு தடவைதான் போயிருக்கேன், அதுவும் இறால் சாப்பிட.

2025ல திரும்ப 17 திருத்தம். அதுல நாலாவது மறுபடியும் தண்ணீர்: விற்பனை வரியிலிருந்து வருஷத்துக்கு 100 கோடி டாலர் வரைக்கும் நீர் நிதிக்கு ஒதுக்கலாமா?

என் சந்தேகம் இதுதான். நம்ம ஊர்ல ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஒரு அரசாணை போதும். இங்க குழாய் போட அரசியலமைப்பைத் திருத்தணும்னா, அப்படி என்னதான் எழுதி வச்சிருக்காங்க அதுல? எதுக்காக?

மிச்சிகன் குளிர்

தம்பி, டெக்சாஸ் மட்டுமில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் அரசியலமைப்பில் இப்படி ஒரு பூட்டு இருக்கிறது. சாலை, கால்வாய், ரயில் என்று மாநிலம் கண்டபடி கடன் வாங்கக்கூடாது என்பதுதான் சாரம். ஒரு காலத்தில் வாங்கிச் சூடுபட்டதால் வந்த பூட்டு.

ஆரம்பம் ஈரி கால்வாய். நியூயார்க் மாநிலம் 1817ல் தோண்டத் தொடங்கி 1825ல் திறந்தது. 363 மைல், செலவு சுமார் 70 லட்சம் டாலர். சுங்கப் பணம் கொட்டியது. பக்கத்து வீட்டில் கார் வாங்கினால் நம் வீட்டில் தூக்கம் வருமா? பென்சில்வேனியா, ஓஹாயோ, இந்தியானா, இல்லினாய் எல்லாம் கடன் பத்திரம் விற்றுத் தோண்ட ஆரம்பித்தன. இல்லினாய் சட்டமன்றத்தில் அந்தத் திட்டத்துக்குக் கைதூக்கியவர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர்.

எங்கள் மிச்சிகன் கதை இன்னும் பரிதாபம். 1837 ஜனவரியில்தான் மாநிலமே ஆனது. கவர்னர் ஸ்டீவன்ஸ் மேசனுக்கு அப்போது வயது 25. மொத்த ஜனத்தொகை இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. அந்த வருஷமே 50 லட்சம் டாலர் கடன் வாங்கி மாநிலத்தின் குறுக்கே மூன்று ரயில் பாதை, கூடவே கால்வாய்கள் என்று திட்டம் போட்டார்கள். பத்திரத்தை விற்கும் பொறுப்பை ஒரு கால்வாய்-வங்கி கம்பெனியிடம் கொடுத்தார்கள். அவர்கள் பத்திரத்தை முதலில் வாங்கிக்கொண்டு, பணத்தைத் தவணையில் தருவதாகப் பேச்சு. அதற்குள் 1837 நிதி நெருக்கடி முற்றி, பத்திரங்களை வைத்திருந்த நிறுவனங்கள் கவிழ்ந்தன. பத்திரம் கைமாறிவிட்டது, பணம் பாதிக்கு மேல் வரவில்லை, வட்டி மட்டும் கேட்கிறார்கள்.

வராத பணத்துக்குக் கடன் கட்டமாட்டோம் என்றது மிச்சிகன். 1846ல் மத்திய ரயில் பாதையை 20 லட்சம் டாலருக்குப் பாஸ்டன் முதலாளிகளிடம் விற்றார்கள். க்ளிண்டன் நதியையும் கலமசூ நதியையும் இணைக்கும் கால்வாய் பத்துப் பன்னிரண்டு மைலோடு நின்றது. ராச்செஸ்டர் பக்கம் பூங்காவில் அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். "வெறும் குழி" என்றாள் சின்னவள்.

1841 தொடங்கி எட்டு மாநிலங்களும் அன்று மாநிலமாகாமல் வெறும் பிரதேசமாக இருந்த ஃப்ளோரிடாவும் வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தன. அதன் பிறகுதான் 1850 மிச்சிகன் அரசியலமைப்பில் எழுதினார்கள்: உள்நாட்டு மேம்பாட்டு வேலை எதிலும் மாநிலம் பங்காளியாக இருக்கக்கூடாது.

அரைவேக்காடு

எதிலுமா? அப்போ ரோடு யாரு போட்டா?

மிச்சிகன் குளிர்

கவுண்டியும் டவுன்ஷிப்பும் தனியாரும். மோட்டார் வண்டி வந்ததும் சமாளிக்க முடியவில்லை. 1905ல் திருத்தம் போட்டு, பொதுச் சாலைகளுக்கு மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். விஸ்கான்சினும் அப்படித்தான்: 1848ல் பூட்டு, 1908ல் நெடுஞ்சாலைக்காகத் திறந்தார்கள், 1945ல் விமான நிலையத்துக்காக, 1960ல் துறைமுகத்துக்காக, 1992ல் ரயிலுக்காக. ஒவ்வொரு தடவையும் ஜனங்களிடம் கேட்டுத்தான். அதில் என்ன தப்பு?

ஹூஸ்டன்வாசி

கேள்வி டெக்சாஸ் பற்றி என்பதால் நான் சொல்கிறேன். சிவில் இன்ஜினியர், 20 வருஷமாக வடிகால் வேலை.

இங்கே இப்போதும் ஓடுவது 1876 அரசியலமைப்பு. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த ஆட்சியின் செலவும் வரியும் பிடிக்காத விவசாயிகள் நிறையப் பேர் உட்கார்ந்து எழுதியது. அரசை நம்பாதவர்கள் எழுதிய அரசியலமைப்பு என்று வரிக்கு வரி தெரியும். 3வது பகுதி, 49வது பிரிவு: மாநிலம் கடன் வாங்கக்கூடாது. படையெடுப்பைத் தடுக்க வாங்கலாம், தற்செயலான பற்றாக்குறைக்கு 2 லட்சம் டாலர் வரை வாங்கலாம். 50 முதல் 52 வரையிலான பிரிவுகள்: பொதுப்பணத்தையோ அரசின் கடன் நம்பகத்தையோ (அதாவது அரசின் பெயரில் கடன் உத்தரவாதம்) தனியாருக்குக் கொடுக்கக்கூடாது.

ஆகவே ஒவ்வொரு பெரிய வேலைக்கும் 49க்கு வால் முளைக்கும். 1950களின் வறட்சிக்குப் பிறகு, 1957ல் 49-சி வந்தது. நீர் மேம்பாட்டு வாரியமும் அது விற்கும் 20 கோடி டாலர் பத்திரமும் அதில் பிறந்தவை. 2001ல் 49-கே, சாலைக்கான நிதி. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அப்புறம் வாக்காளர்களில் பாதிக்கு மேல் சரி சொல்லவேண்டும். இதுவரை 500க்கு மேல் திருத்தம் ஆகிவிட்டது.

ஆனால் 2023ல் நீங்கள் பார்த்தது கடன் விவகாரமே இல்லை. அந்த நிதியில் அப்போது போட்ட 100 கோடி டாலர் கையில் இருந்த பணம். கஜானாவில் உபரி.

கூவம்கரை

கையில காசு இருக்கும்போது எதுக்கு அண்ணே திருத்தம்? இதுதான் எனக்கு இன்னும் குழப்புது.

ஹூஸ்டன்வாசி

அங்கேதான் இரண்டாவது பூட்டு. 1978ல் சேர்த்தது, 8வது பகுதி 22வது பிரிவு. மாநிலத்தின் பொருளாதாரம் எவ்வளவு வேகமாக வளரும் என்று கணிக்கிறார்களோ, வரிப்பணச் செலவு அதைவிட வேகமாக வளரக்கூடாது. ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள்: "இந்த அரசியலமைப்பால் ஒதுக்கப்படாத" வரிப்பணத்துக்கு மட்டும்தான் அந்தக் கூரை. அரசியலமைப்பிலேயே எழுதி ஒரு நிதிக்கு ஒதுக்கிவிட்டால் அது கூரைக் கணக்கில் வராது.

உபரி நிறைய, கூரை தாழ்வு. வழி? ஒரு நிதியை அரசியலமைப்பில் உருவாக்கு, பணத்தை அதில் போடு. செலவுக் கட்டுப்பாட்டையும் மீறவில்லை, பணமும் போய்ச் சேர்ந்தது. குழாய்க்குத் திருத்தம் தேவைப்பட்டதில் பாதிக்காரணம் கணக்குப் புத்தகம்.

2014லும் 2015லும் நெடுஞ்சாலைக்கு எண்ணெய், எரிவாயு உற்பத்தி வரியிலும் விற்பனை வரியிலும் பங்கு ஒதுக்கினார்களே, அதில் ஒரு நிபந்தனை: இந்தப் பணத்தில் டோல் ரோடு போடக்கூடாது. அதையும் ஓட்டுக்கு விட்டு அரசியலமைப்பில் எழுதினார்கள். ஒரு சாலை எப்படிப்பட்ட சாலையாக இருக்கவேண்டும் என்பதை அரசியலமைப்பு சொல்லுகிறது!

மீனா ஜெர்சி

நகராட்சி, மாநிலக் கடன் பத்திரங்களின் ஆவணங்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. மிச்சிகன் அண்ணன் சொன்ன வரலாறு சரி. ஆனால் "ஜனங்களிடம் கேட்டுத்தான்" என்கிற இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரி கால்வாய் லாபம் கொடுத்தும், அதை அகலப்படுத்தப் போய்க் கடன் ஏறியது. 1842ல் வேலையை நிறுத்தி, வரி போட்டார்கள். 1846ல் புது அரசியலமைப்பு: பெரிய கடன் எதுவானாலும் ஒரே ஒரு வேலைக்கென்று சட்டத்தில் பெயர் சொல்லவேண்டும், பொதுத்தேர்தலில் மக்கள் சரி சொல்லவேண்டும், 18 வருஷத்துக்குள் அடைக்கிற மாதிரி வரியும் கூடவே விதிக்கவேண்டும். கச்சிதமான பூட்டு.

இன்று நியூயார்க் மாநிலத்தின் கடனில் மிகப் பெரும்பகுதி எந்த வாக்காளரும் பார்க்காத கடன். எப்படி? மாநிலம் வாங்கவில்லை. மாநிலம் உருவாக்கிய "ஆணையங்கள்" வாங்குகின்றன. ஆணையம் தனி நபர் மாதிரி. அதன் கடன் அதனுடையது. திருப்பிக் கட்டும் பணம் மட்டும் வருஷாவருஷம் பட்ஜெட்டில் இருந்து, "சட்டமன்றம் ஒதுக்கினால்" என்ற ஒரு வாக்கியத்தோடு போகும். சட்டப்படி கட்டவேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் அது கடன் இல்லை. கட்டாமல் விட்டால் மாநிலத்தின் பெயர் நாறும் என்பதால் எல்லோரும் அதைக் கடனாகத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் மதிப்பிடுகிறேன்.

உச்சக்கட்டம் 1991. பட்ஜெட்டில் ஓட்டை. அட்டிகா சிறைச்சாலையை மாநிலம் தன்னுடைய ஆணையம் ஒன்றுக்கே 20 கோடி டாலருக்கு "விற்றது". ஆணையம் பத்திரம் விற்றுப் பணம் கொடுத்தது. மாநிலம் தன் சிறையிலேயே வாடகைக்கு இருந்துகொண்டு, அந்த வாடகையால் பத்திரம் அடைபட்டது.

அரைவேக்காடு

அக்கா, எங்க பெரியப்பா வீட்டுப் பத்திரத்தைச் சித்தி பேருக்கு மாத்தி லோன் வாங்கின கதை மாதிரியே இருக்கு. பேங்க் மேனேஜர் தான் அழுதாரு.

மீனா ஜெர்சி

அதே கதைதான். இங்கே பேங்க் மேனேஜர் அழவில்லை, கூடுதல் வட்டி வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்கு எரிச்சல். மக்கள் ஓட்டுப் போட்ட பொதுக் கடனுக்கு வட்டி குறைவு. சுற்றுவழிக் கடனுக்குக் கொஞ்சம் கூடுதல். பூட்டைத் தாண்டக் கொடுக்கும் கூலி அது.

இன்னொரு சுற்றுவழி நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. வாஷிங்டன் மாநிலத்தில் 1895ல் ஸ்போக்கேன் நகர வழக்கு. தண்ணீர்க் கட்டண வருமானத்திலிருந்து மட்டுமே அடைபடும் கடன், நகரத்தின் பொதுக் கடன் ஆகாது என்றது நீதிமன்றம். இந்தத் "தனி நிதி" தத்துவத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிற்பாடு டோல் ரோடுகள் எல்லாம் எழும்பின. சுங்கம் கொடுப்பவர் கடனைக் கட்டுகிறார், மாநிலத்துக்குச் சம்பந்தமில்லை.

மிச்சிகன் குளிர்

மீனா, நீ சொல்வது பூட்டின் குற்றமா, திருடனின் குற்றமா? சுவர் ஏறிக் குதிக்கிறான் என்பதற்காகக் கதவைக் கழற்றிவிடலாமா?

மீனா ஜெர்சி

கதவைக் கழற்றச் சொல்லவில்லை அண்ணா. வீட்டுக்காரருக்குக் கதவு, மற்றவர்களுக்குச் சுவர் என்று ஆகிவிட்டதைச் சொல்கிறேன்.

இந்தியானாவைப் பாருங்கள். 1836ல் ஒரே சட்டத்தில் ஒரு கோடி டாலர் திட்டம். சட்டத்துக்கே "மாமத்" (ராட்சசம்) என்று பெயர். அஞ்சு வருஷத்தில் திவால். வாபாஷ்-ஈரி கால்வாயைக் கடன் கொடுத்தவர்களிடமே ஒப்படைத்துப் பாதிக் கடனைத் தீர்த்தார்கள். 1851 அரசியலமைப்பில் மாநிலக் கடனுக்கு ஏறக்குறைய முழுத்தடை, இன்றுவரை அப்படியே. நூறு வருஷம் கழித்து மாநிலத்தின் குறுக்கே டோல் ரோடு வந்தது. கடன் வாங்கியது மாநிலம் இல்லை, ஆணையம். 2006ல் அதை 75 வருஷத்துக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டு 380 கோடி டாலர் வாங்கினார்கள். குத்தகைக் கம்பெனி 2014ல் திவால் மனு கொடுத்தது. 75 வருஷச் சுங்க வருமானத்தை முன்கூட்டியே வாங்கிச் செலவழிப்பதும் கடன் மாதிரிதானே? பூட்டு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

ரயிலடி

ஒரு சின்சினாட்டிக்காரன் குறுக்கே வரலாமா? பூட்டைத் தாண்டிய கதைகளில் எங்கள் ஊர்க் கதைக்கு ஈடு கிடையாது.

1851 ஓஹாயோ அரசியலமைப்பு சொன்னது: எந்த நகரமும் தனியார் கம்பெனியில் பங்கு வாங்கக்கூடாது, அதற்குக் கடன் நம்பகத்தையும் தரக்கூடாது. அந்தக் காலத்தில் ஊர்கள் ரயில் கம்பெனிகளில் பணம் போட்டுப் போட்டு மொட்டையடிக்கப்பட்டன, அதனால். சரி. சின்சினாட்டி அப்போது ஆற்று நகரம். நீராவிப் படகு வியாபாரம் ரயிலால் படுத்துவிட்டது. சிகாகோ மேலே போகிறது. தெற்கே ஒரு ரயில் பாதை வேண்டும். கம்பெனிக்குப் பணம் கொடுக்கத் தடை.

ஃபெர்குசன் என்று ஒரு வக்கீல். அவர் பிரிவை எழுத்தெண்ணிப் படித்தார். நகரம் ரயில் *கம்பெனியில்* சேரக்கூடாது என்றுதான் இருக்கிறது. நகரமே ரயில் பாதை போடக்கூடாது என்று எங்கே இருக்கிறது?

1869ல் சட்டம். ஒரு கோடி டாலர் பத்திரத்துக்கு நகர மக்கள் ஓட்டுப் போட்டார்கள். வழக்கு நடந்தது, 1871ல் ஓஹாயோ உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 1880ல் சாட்டனூகா வரைக்கும் வண்டி ஓடியது. 330 மைலுக்கு மேல். வேடிக்கை என்னவென்றால், பாதை கென்டக்கியிலும் டென்னசியிலும் ஓடுகிறது, ஆற்றைத் தாண்டினால் ஓஹாயோ முடிந்துவிடும். இரண்டு அந்நிய மாநிலங்களின் நிலத்தில் ஒரு நகராட்சியின் ரயில் பாதை! ஒன்றரை நூற்றாண்டு நகரம் அதை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தது.

கூவம்கரை, நீங்கள் முதல் ஓட்டுப் போட்ட அதே நாள், 2023 நவம்பர் 7, நாங்களும் ஓட்டுப் போட்டோம். அந்தப் பாதையை 160 கோடி டாலருக்கு விற்கலாமா என்று. ஜெயித்தது. 2024 மார்ச்சில் கைமாறியது. அந்தப் பணத்தின் வருமானத்தை ஏற்கெனவே இருக்கும் சாலை, பாலம், கட்டடங்களைப் பழுதுபார்க்க மட்டும் செலவழிக்கலாம், புதிதாகக் கட்டக்கூடாது. நான் விற்கவேண்டாம் என்று ஓட்டுப் போட்டவன். தாத்தா சொத்தை விற்று ஓட்டைக் கூரை மாற்றுகிறோம்.

நாஞ்சில் தணிக்கை

ஓய்வுபெற்ற தணிக்கையாளன். அமெரிக்காவை அறியேன், ஆனால் மீனா சொன்ன ஆணையக் கதையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இதே வழக்கு நடக்கிறது.

இந்திய அரசியலமைப்பின் 293வது பிரிவு: மாநிலம் ஒன்று ஒன்றிய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருந்தால், ஒன்றியத்தின் சம்மதம் இல்லாமல் புதுக் கடன் திரட்டக்கூடாது. எல்லா மாநிலமும் பாக்கி வைத்திருக்கிறது. அதனால் வருஷாவருஷம் டெல்லி ஒரு வரம்பு வைக்கிறது. கேரளம் 1999ல் கிஃப்பி என்ற உள்கட்டமைப்பு முதலீட்டு வாரியத்தை அமைத்து, 2016ல் அதற்கு உயிர் கொடுத்தது. மோட்டார் வாகன வரியில் பங்கு, பெட்ரோல் மீதான செஸ். வாரியம் வெளியில் கடன் வாங்கிப் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டியது. வாரியக் கடனும் மாநிலக் கடன்தான், வரம்பில் கழிப்போம் என்றது ஒன்றியம். கேரளம் 2023 இறுதியில் 131வது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டு, ஐந்து நீதிபதி அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

தமிழ்நாட்டில் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஏற்றுக்கொள்ளும் வரை அது மாநிலத் திட்டம். கடன் முழுக்க நம் வரம்பில் கழிந்தது. அதே சுரங்கம், அதே எந்திரம், கடனின் பெயர் மட்டும் ஒரே நாளில் மாறியது.

டெக்சாஸில் சாவி வாக்காளரிடம் இருக்கிறது. இங்கே சாவி டெல்லியில். கூவம்கரை, 17 கேள்வியைப் படிக்க அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அரைவேக்காடு

கேள்வி: மாநிலம் கட்டமாட்டேன்னா கடன் கொடுத்தவன் கேஸ் போட முடியாதா?

மிச்சிகன் குளிர்

போட்டுப் பார்த்தார்கள். மிசிசிப்பி 1830களில் வங்கிகளுக்காக விற்ற பத்திரங்களைக் கட்டமாட்டேன் என்றது, பிறகு கட்டவே கூடாது என்று அரசியலமைப்பிலும் எழுதிவிட்டது. தனிமனிதர் மாநிலத்தின்மேல் வழக்குப் போட முடியாது. அதனால் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பத்திரத்தை மொனாக்கோ நாட்டுக்கு இனாமாகக் கொடுத்து, அந்த நாடு வழக்குப் போட்டது. 1934ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலம் சம்மதிக்காமல் அந்நிய நாடும் வழக்குப் போட முடியாது என்று அனுப்பிவிட்டது. இழைக்குச் சம்பந்தமில்லை, விட்டுவிடுங்கள்.

ரயிலடி

இதைவிடச் சம்பந்தமானது எது? கடன் கொடுத்தவன் பயப்படணும், அதுதானே வேண்டியது.

கூவம்கரை

எல்லாருக்கும் நன்றி. இப்ப என் கதையைச் சொல்றேன், மீனா அக்கா பதில் சொல்லணும். எங்க வீட்டு ப்ராபர்ட்டி டாக்ஸ் பில்லுல கவுண்டி, பள்ளி மாவட்டம் தவிர "மட்" னு ஒரு வரி. நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டமாம். எங்க குடியிருப்போட தண்ணீர்க் குழாய், சாக்கடை, மழைநீர்க் குளம் எல்லாத்துக்கும் பில்டர் போட்ட காசை, இந்த மாவட்டம் பத்திரம் வித்து அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கு. நாங்க 25 வருஷம் கட்டணும். வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட கத்தையில அது இருந்திருக்கு, நான் படிக்கலை. விற்ற பொண்ணு "மினிமல்" னு சொன்னாங்க.

பத்திரத்துக்குத் தேர்தல் நடந்துச்சான்னு கேட்டேன். நடந்திருக்கு. பதிவான ஓட்டு மொத்தம் 2. ரெண்டும் "சரி".

ஹூஸ்டன்வாசி

1917ல் வந்த 16வது பகுதி 59வது பிரிவு. வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி அடித்த காலத்தில், நீர்ப் பாதுகாப்பு மாவட்டங்களுக்காகக் கடன் வரம்பைத் தளர்த்திய திருத்தம். அணை, வாய்க்காலுக்கென்று திறந்த கதவு. இன்று புறநகர் முழுக்க அதன்வழியேதான் வருகிறது.

இரண்டு ஓட்டு ஆச்சரியமில்லை. தேர்தல் நடக்கும்போது அது மாட்டுமேய்ச்சல் நிலம். யாராவது ஒன்றிரண்டு பேர் டிரெய்லர் வீட்டில் குடிவந்து பதிவு செய்துகொள்வார்கள், ஓட்டுப் போடுவார்கள், போய்விடுவார்கள். சட்டப்படி எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: இந்த மாவட்டங்கள் இல்லையென்றால் உன் வீட்டு விலை பத்து இருபது ஆயிரம் கூடியிருக்கும், அல்லது வீடே இருந்திருக்காது. நான் போட்ட வடிகாலில் பாதி இந்தக் காசு.

மிச்சிகன் குளிர்

இதற்கு நான் என்ன சொல்ல? வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்று எழுதினார்கள். எத்தனை வாக்காளர் என்று எழுதவில்லை.

மீனா ஜெர்சி

கூவம்கரை, இரண்டு காரியம் செய்யுங்கள். ஒப்புதல் ஆன தொகை வேறு, விற்ற தொகை வேறு. அன்று பெரிய தொகைக்கு ஒப்புதல் வாங்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பார்கள். இன்னும் எவ்வளவு விற்காமல் மிச்சம் இருக்கிறது என்று மாவட்டத்தின் தணிக்கை அறிக்கையில் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதுதான் உங்கள் வரி இனி ஏறுமா என்று சொல்லும் எண். அடுத்தது, அந்த மாவட்டத்துக்கு ஐந்து இயக்குநர்கள் உண்டு. இப்போது குடியிருப்பவர்கள் நீங்கள்தான். அடுத்த மே மாதத் தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

கூவம்கரை

பார்த்தேன் அக்கா. கூட்டம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் 12 மணிக்கு, டவுன்டவுன்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல. எங்க குடியிருப்புல இருந்து 40 நிமிஷம். லீவு போட்டிருக்கேன். பக்கத்து வீட்டு ரெட்டி காருவும் வர்றாரு, அவருக்கு வரி என்னைவிட அதிகம்.

அரைவேக்காடு

ரெண்டு பேரா? அப்போ பெரும்பான்மை உங்களுக்குத்தான்ணே.